தாளம் ஒரு காதில். சுருதி மறு காதில்!

காது கேளாதவருக்குச் சங்கீதம் எதற்கு?

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. வாய்விட்டுக் கேட்காமல் மனதுக்குள் நினைப்பவர்கள் இன்னும் அதிகம். "பேச்சுப் புரிந்தால் போதாதா? பாட்டு வேறு வேண்டுமா?" என்பது அவர்கள் எண்ணம்.

வேண்டும்! பேச்சைப் போலப் பாட்டும் வேண்டும்.

தாலாட்டுக் கேட்காத தொட்டில் உண்டா? நாயனம் கேட்காத கல்யாணம் உண்டா? வீட்டில் எல்லோரும் ஒரு பாட்டைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். ஒருவர் மட்டும் அவர்கள் முகத்தையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சொந்த வீட்டிலேயே அவர் விருந்தாளியாகி விடுகிறார்.

இப்போது காது கேளாதவர்களுக்கு இரண்டு வகைக் கருவிகள் இருக்கின்றன.

ஒன்று, நம் எல்லோருக்கும் தெரிந்த காது மிஷின். வெளியே இருந்து வரும் சத்தத்தைப் பெரிதாக்கிக் காதுக்குள் அனுப்பும். கொஞ்சமாவது காது கேட்பவர்களுக்குத்தான் இது பயன்படும்.

மற்றொன்று, ஆபரேஷன் செய்து தலைக்குள் வைக்கும் கருவி. டாக்டர்கள் இதை "காக்ளியர் இம்பிளாண்ட்" என்பார்கள். நாம் "உள்காதுக் கருவி" என்று சொல்வோம். காது மிஷினால் பயன் இல்லை என்று ஆகிவிட்டவர்களுக்கு இதை வைக்கிறார்கள்.

ஒரு காதில் உள்காதுக் கருவி. மறு காதில் காது மிஷின். இப்படி இரண்டையும் சேர்த்து மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இந்த ஜோடியால் பாட்டைக் கேட்க முடியுமா? ரசிக்க முடியுமா? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

நத்தைக் கூடு

முதலில் காது எப்படிக் கேட்கிறது என்று தெரிய வேண்டும்.

நம் காதுக்கு உள்ளே, மண்டை எலும்புக்குள், பட்டாணி அளவில் ஓர் உறுப்பு இருக்கிறது. நத்தைக் கூடு போல இரண்டரைச் சுற்று சுற்றி இருக்கும். இதன் பெயர் காக்ளியா. சுருளை நிமிர்த்தினால் சுமார் 3½ சென்டிமீட்டர் நீளம்தான் வரும். அதற்குள் சுமார் 15 ஆயிரம் மயிர்ச் செல்கள் வரிசையாக இருக்கின்றன.

இதில் ஓர் அதிசயம் உண்டு. இந்தச் சுருள் ஓர் ஆர்மோனியப் பெட்டி மாதிரி! சுருளின் வாசல் பக்கம் கீச்சென்ற மேல் சத்தங்களுக்கு உரியது. உள்ளே போகப் போக, கனமான கீழ்ச் சத்தங்களுக்கு உரிய இடம் வரும். எந்த இடத்தில் உள்ள செல் அசைகிறதோ, அந்தச் சுரம் நமக்குக் கேட்கும்.

மயிர்ச் செல்கள் செத்துப் போனால் காது கேட்காது. சத்தத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் பயன் இல்லை. ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் நரம்பு பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும்.

"செத்த செல்லை விட்டுவிடு. நேராக நரம்பையே மின்சாரத்தால் தட்டி எழுப்பு!" என்று சில டாக்டர்கள் நினைத்தார்கள். உள்காதுக் கருவி பிறந்த கதை இதுதான். 1957-ல் பாரிஸ் நகரில் ஜூர்னோ, எய்ரியே என்ற இருவர் முதன்முதலாகக் காது கேளாத ஒருவருக்குள் கம்பி வைத்து மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். சத்தம் கேட்டது. பேச்சு விளங்கவில்லை.

புல் கற்றுக் கொடுத்தது

ஆஸ்திரேலியாவில் கிரேம் கிளார்க் என்று ஒரு டாக்டர். அவருடைய அப்பாவுக்குக் காது மந்தம். அப்பா மருந்துக் கடை நடத்தி வந்தார். கடைக்கு வருகிறவர்கள் மருந்தின் பெயரை உரக்கக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கும். சில மருந்துகளை ரகசியமாகத்தானே கேட்பார்கள்? கத்தினால் கடையில் நிற்கும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இதைப் பார்த்துச் சங்கடப்பட்டு வளர்ந்த பையன், பெரியவன் ஆனதும் காது டாக்டர் ஆனான்.

கிளார்க்கிற்கு ஒரு பெரிய சிக்கல். நத்தைக் கூட்டின் வளைவுக்குள் கம்பியை எப்படி நுழைப்பது? விறைப்பாக இருந்தால் குத்திக் கிழித்துவிடும். துவண்டால் உள்ளே போகாது.

1977-ல் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருந்தார். மணலில் ஒரு சங்கு கிடந்தது. காக்ளியாவைப் போலவே சுருண்ட சங்கு. பக்கத்தில் இருந்த புல்லைப் பிடுங்கி அதற்குள் விட்டுப் பார்த்தார். புல் வளைந்து வளைந்து உள்ளே போயிற்று! நுனி மெல்லியது, அடி விறைப்பானது. கம்பியையும் அப்படியே செய்தார்.

1978 ஆகஸ்ட் 1-ந் தேதி மெல்போர்ன் நகரில் ராட் சாண்டர்ஸ் என்பவருக்கு ஆபரேஷன் நடந்தது. கார் விபத்தில் அடிபட்டு இரண்டு காதும் கேட்காமல் போனவர் அவர்.

புண் ஆறிய பிறகு கருவியைச் சோதித்தார்கள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோருக்கும் பெருத்த ஏமாற்றம். பிறகு, சோதிக்கும் கருவியில் இருந்த கோளாறைக் கண்டுபிடித்துச் சரி செய்தார்கள். இந்தத் தடவை சத்தம் கேட்டது.

அடுத்து ஒரு பாட்டின் மெட்டை அவருக்குப் போட்டார்கள். சாண்டர்ஸ் சட்டென்று எழுந்தார். விறைப்பாக நின்றார். கருவியோடு இணைத்திருந்த கம்பிகள் இழுபட்டன. அவர் கவலைப்படவில்லை.

ஏன் எழுந்து நின்றார்? அது "காட் சேவ் தி குயின்". அப்போது ஆஸ்திரேலியாவுக்கு அதுதான் தேசிய கீதம்! தேசிய கீதம் கேட்டால் எழுந்து நிற்க வேண்டாமா?

இந்தக் கருவியின் ஆரம்ப நாட்களிலேயே பாட்டு வந்துவிட்டது. பேச்சு நன்றாக விளங்குவதற்கு முன்பே வந்துவிட்டது. "காது கேளாதவருக்குப் பாட்டு எதற்கு?" என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும்.

தவில் கேட்கும், நாயனம் கேட்காது

இனி, கசப்பான பகுதி. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உள்காதுக் கருவி, பேச்சுக்காகச் செய்யப்பட்டது. அமைதியான அறையில் பேச்சு நன்றாகவே புரியும். டெலிபோனில் பேசுகிறவர்கள் கூட உண்டு. ஆனால் பாட்டு என்று வந்தால் கருவி திணறும்.

காரணம் என்ன? 15 ஆயிரம் செல்கள் செய்த வேலையை, ஒரு கம்பியில் உள்ள 12 முதல் 22 முனைகள் செய்ய வேண்டும். அதோடு, ஒரு முனையில் விடும் மின்சாரம் அந்த இடத்தோடு நிற்காது. அக்கம் பக்கத்து நரம்புகளுக்கும் பரவும். ஆர்மோனியத்தை விரலால் வாசிக்காமல் உள்ளங்கையை வைத்து அமுக்கினால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும்!

இன்னொரு குறையும் உண்டு. கம்பி, சுருளின் வாசலில் தொடங்கி உள்ளே போகிறது. பெரும்பாலும் கடைசிச் சுற்று வரை போவதில்லை. கனமான கீழ்ச் சுரங்களின் வீடு அங்கேதானே இருக்கிறது?

இதனால் என்ன ஆகிறது? தாளம் நன்றாகக் கேட்கிறது. தட்டு, அடி, வேகம் இவற்றை நம்மைப் போலவே சொல்லிவிடுவார்கள். சுரம்தான் வருவதில்லை. "ச" என்பதும் "ரி" என்பதும் பலருக்கு ஒன்றாகவே கேட்கும். வயலினா, புல்லாங்குழலா என்று கண்டுபிடிக்கத் தடுமாறுவார்கள். கல்யாண மண்டபத்தில் தவில் அருமையாகக் கேட்கும். நாயனம் ஏதோ இரைச்சலாகக் கேட்கும். ஒரு சுரத்தை அசைத்து, வளைத்து, இழைத்துப் பாடுகிறோமே கமகம், அதைக் கேட்பது மிகவும் கடினம்.

ஒருவர் கதை

அமெரிக்காவில் மைக்கேல் சோரோஸ்ட் என்று ஓர் எழுத்தாளர். 1964-ல் பிறந்தவர். பிறக்கும்போதே காது மந்தம். குழந்தையில் இருந்தே காது மிஷின் மாட்டி வளர்ந்தார்.

15 வயதில், வீட்டில் இருந்த இசைத்தட்டுகளில் ஒன்றை எடுத்துப் போட்டார். அது "பொலேரோ". பிரான்சு நாட்டு ரவேல் 1928-ல் அமைத்த இசை. ஒரே தாளத்தைச் சிறு முரசு திரும்பத் திரும்ப அடிக்கும். அதன் மேல், ஒரே மெட்டை வாத்தியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி வாசிக்கும். மெல்ல ஆரம்பித்து, கடைசியில் இடி போல முடியும். பையன் சொக்கிப் போனான். அன்று முதல் அதுவே அவனுக்கு உயிர்.

2001 ஜூலையில் ஒரு நாள், சில மணி நேரத்துக்குள் மிச்சம் இருந்த காதும் அடைத்துப் போயிற்று. அந்த ஆண்டே ஆபரேஷன் செய்துகொண்டார். பேச்சு வந்தது. ஆவலோடு பொலேரோவைப் போட்டார். முரசு கேட்டது. மெட்டு? அது போன இடம் தெரியவில்லை!

சோரோஸ்ட் விடவில்லை. ஆராய்ச்சிக் கூடங்களுக்குப் போனார். "என்னைச் சோதித்துப் பாருங்கள்" என்றார். அவர் தலையில் இருந்த கருவிக்கு 16 முனைகள். பக்கத்துப் பக்கத்து முனைகள் இரண்டில் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து விட்டால், இரண்டுக்கும் நடுவில் உள்ள நரம்பு எழும். இந்தத் தந்திரத்தால் 16 முனைகளை 121 படிகளாக விஞ்ஞானிகள் ஆக்கினார்கள். மறுபடி ஆபரேஷன் கிடையாது. வெளியே மாட்டும் பெட்டியில் கணக்கை மாற்றினார்கள்; அவ்வளவுதான். பொலேரோ முன்பைவிட நன்றாகக் கேட்டது. பழைய பொலேரோ முழுதாகத் திரும்பி வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் மெட்டு வந்தது. தம் அனுபவத்தை 2005-ல் அவர் ஒரு கட்டுரையாக எழுதினார்.

பழைய மிஷினின் பெருமை

சோரோஸ்ட் புதிய கணக்கைத் தேடி அலைந்தார். ஆனால் பலருடைய வீட்டு அலமாரியிலேயே ஓர் உதவி தூங்குகிறது. அதுதான் மறு காதின் காது மிஷின்!

2005-ல் கலிபோர்னியாவில் ஒரு சோதனை நடந்தது. ஒரு காதில் உள்காதுக் கருவியும் மறு காதில் காது மிஷினும் உள்ள 5 பேர் உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த மெட்டுகளை அவர்களுக்குப் போட்டார்கள். தாளத்தை எடுத்துவிட்டார்கள், சுரங்கள் மட்டும் இருந்தன. தாளத்தை வைத்து ஊகித்துவிடக் கூடாது அல்லவா?

எந்தக் காது மெட்டை நன்றாகக் கண்டுபிடித்தது? காது மிஷின் மாட்டிய காது!

இரைச்சலுக்கு நடுவே பேச்சைக் கேட்கச் சொன்னால், இதே காதால் தனியாக ஒரு சொல்லைக்கூடப் பிடிக்க முடியவில்லை என்றே சொல்லலாம். "உதவாத காது" என்று ஒதுக்கிய காது, பாட்டில் முந்திக்கொண்டது. இன்னும் ஒன்று. பேச்சுக்கு உதவாத அந்த மிஷினை உள்காதுக் கருவியோடு சேர்த்து மாட்டியபோது, இரைச்சலில் பேச்சும் முன்பைவிட நன்றாகப் புரிந்தது.

ஐந்தே பேர்தானே என்று கேட்கலாம். பிறகு நடந்த பல சோதனைகளும் இதையே பெரும்பாலும் சொல்கின்றன.

விஷயம் எளிதானது. காது மங்கும்போது பெரும்பாலும் மேல் சத்தங்கள்தான் முதலில் போகும். கீழ்ச் சத்தங்கள் கொஞ்சம் மிஞ்சி இருக்கும். உள்காதுக் கம்பி எட்டாத இடமும் அதுவே. கருவி தராததை மிஷின் தருகிறது. மிஷின் தராததைக் கருவி தருகிறது. தாய் ஒரு கையையும் தகப்பன் ஒரு கையையும் பிடித்துக்கொண்டு குழந்தையை நடத்திப் போவது போல! சுருதி மாதா, லயம் பிதா என்று நம் வித்வான்கள் சொல்வது எவ்வளவு பொருத்தம்!

கழற்றி வைக்காதீர்கள்!

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? இவ்வளவு பெரிய ஆபரேஷன் முடிந்துவிட்டது. "இனிமேல் இந்தப் பழைய மிஷின் எதற்கு?" என்று கழற்றி டப்பாவில் போட்டுவிடுகிறார்கள். அதற்கு மாதா மாதம் பேட்டரி வாங்க வேண்டும், காதில் அரிக்கிறது, இரண்டு காதிலும் மாட்டினால் ஊர் பார்க்கிறது. காரணங்களுக்கா பஞ்சம்?

மறு காதில் கொஞ்சமாவது கேட்கும் சக்தி இருந்தால், மிஷினைக் கழற்றுமுன் டாக்டரையும் காது பரிசோதகரையும் கேளுங்கள்.  சத்தத்தைக் கேட்டுப் பழகாத நரம்புக்கு, பேச்சைப் பிரித்து அறியும் திறமை குறையலாம்.

மறு காதில் கொஞ்சமும் கேட்காதவர்களுக்கு மிஷினால் பயன் இல்லை. சிலர் அந்தக் காதிலும் உள்காதுக் கருவியே வைத்துக்கொள்கிறார்கள். எதைச் செய்வது என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்ததைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

எப்படிக் கேட்பது?

மிஷினிலும் ஒரு தொல்லை உண்டு. அதையும் பேச்சுக்காகத்தான் அமைத்திருப்பார்கள். புல்லாங்குழல் நீண்டு ஒலித்தால், "இது நான் போடும் விசில் சத்தம்" என்று நினைத்துக்கொண்டு மிஷினே அதை அமுக்கப் பார்க்கும்! தம்புரா சுருதியை இரைச்சல் என்று எண்ணிக் குறைத்துவிடும். ஆகவே, "பாட்டுக் கேட்பதற்குத் தனியாக ஓர் அமைப்பு வைத்துக் கொடுங்கள்" என்று காது பரிசோதகரிடம் கேட்க வேண்டும். பல மிஷின்களிலும் உள்காதுக் கருவிகளிலும் இதைச் செய்ய முடியும். கேட்காவிட்டால் பலர் செய்ய மாட்டார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்!

ஆபரேஷன் முடிந்து சில வாரம் கழித்துத்தான் கருவியை முடுக்குவார்கள். முதல் நாள் மனைவியின் குரலே பொம்மையின் கீச்சுக் குரலாகக் கேட்கலாம். பயப்பட வேண்டாம். மூளை கற்றுக்கொள்ள மாதங்கள் ஆகும். பாட்டுக்கு இன்னும் அதிக காலம் வேண்டும்.

பெரியவர்கள், காது நன்றாக இருந்த காலத்தில் மனப்பாடமாகத் தெரிந்த பாட்டில் இருந்து ஆரம்பிப்பது நல்லது. பாதியைக் காது சொல்லும். மீதியை நினைவு நிரப்பும். சாண்டர்ஸ் எழுந்து நின்றதிலும் நினைவுக்குப் பங்கு இருந்திருக்கும். பாட்டின் வரிகளை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம். ஒரு குரல், ஒரு வாத்தியம் போதும். ஐம்பது வாத்தியங்கள் முழங்கும் சினிமாப் பாட்டு பிறகு வரட்டும். ஒரே பாட்டைப் பத்து நாள் கேளுங்கள். பாடுகிறவரின் வாயையும் விரலையும் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. இப்போது வரும் கருவிகள் பலவற்றில், செல்போனில் இருந்து பாட்டைக் கம்பி இல்லாமல் நேராகக் கருவிக்கே அனுப்பலாம். அறையின் எதிரொலி குறுக்கே வராது.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒன்று. "தாத்தாவுக்குக் கேட்கட்டும்" என்று ரேடியோவை அலற விடாதீர்கள். சத்தம் கூடினால் தெளிவு கூடாது. மிச்சம் இருக்கும் காதும் கெடும்.

இவ்வளவு செய்தும் சிலருக்குப் பாட்டு ஒட்டாமலே போகலாம். பழைய நினைவோடு ஒப்பிட்டு வருந்துகிறவர்கள் உண்டு. அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது.

பிறவியிலேயே காது கேளாமல், சிறு வயதில் உள்காதுக் கருவி வைத்துக்கொண்ட குழந்தைகள் வேறு ரகம். அவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பாட்டு இல்லை. கருவி தருவதுதான் அவர்களுக்குச் சங்கீதம். ஆடுகிறார்கள், பாடுகிறார்கள், கை தட்டுகிறார்கள். சுரம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இருக்கட்டுமே! காது நன்றாகக் கேட்கும் நம்மில் எத்தனை பேர் சுருதி சுத்தமாகப் பாடுகிறோம்?

தமிழ்நாட்டில், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களின் சிறு குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷனை இலவசமாகச் செய்கிறார்கள். லட்சக்கணக்கில் செலவாகும் காரியம். ஏழைக் குழந்தைக்கும் அது கிடைப்பது பெரிய விஷயம். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, காதுக்குப் பின்னால் மாட்டும் காதொலிக் கருவியையும் இலவசமாகக் கொடுக்கிறது.

நாம் கேட்பது இன்னும் இரண்டே இரண்டு. ஆபரேஷன் முடிந்து குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்போது, மறு காதையும் சோதித்து, மிஷினால் பயன் உண்டா இல்லையா என்பதைப் பெற்றோரிடம் எளிய தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்து, குழந்தைகளுக்குக் கொடுக்கும் பேச்சுப் பயிற்சியில் தினமும் பத்து நிமிஷம் பாட்டுக்கு ஒதுக்க வேண்டும். இதற்குப் பெரிய வித்வான் வேண்டாம். தாயின் குரலும் ஒரு கிலுகிலுப்பையும் போதும்.